குளிருக்கு அஞ்சும் கேஸ் கேனிஸ்டர்

சென்னையில் மலையேற்றம் பழகுகிற பலருக்கு முதல் மலை ஆந்திராவில்தான் வாய்க்கிறது. கொல்கத்தா நெடுஞ்சாலையில் எல்லையைத் தாண்டி, தடாவில் மேற்கே திரும்பினால் வரதய்யபாளையம். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் பிறந்தபோது அதோடு சேர்ந்த ஊர். அங்கிருந்து மலையடிவாரத்துக்குப் போனால் உப்பலமடுகு அருவி. சென்னைக்காரர்கள் வாயில் அது தடா அருவி. சற்றுத் தள்ளி நாகலாபுரம் மலை, ஓடைகளும் பாறைக் குளங்களுமாக. 2008-ல் பெல்ஜியத்துக்காரரான பீட்டர் வான் கெய்ட் தொடங்கிய சென்னை டிரெக்கிங் கிளப்பின் வழியாக ஏராளமான இளைஞர்களுக்கு இந்த மலைகள் அறிமுகமாயின.

இங்கே கால் பழகியவர்கள் அடுத்து இமயத்தைப் பார்க்கிறார்கள். டிசம்பர், ஜனவரியில் உத்தராகண்டின் கேதார்காந்தா, சுமார் 3,800 மீட்டர் உயரம். துணிந்தவர்களுக்கு லடாக்கில் உறைந்து கிடக்கும் சன்ஸ்கார் ஆற்றின்மேல் நடக்கும் சாதர் பயணம். பையில் உள்ளங்கையில் அடங்கும் மடக்கு அடுப்பு ஒன்று இருக்கும். அதைத் திருகி மாட்டுவதற்கு ஒரு சின்ன கேனிஸ்டர். வரதய்யபாளையத்து மாந்தோப்பில் லைட்டரைச் சொடுக்கியதுமே சீறி எரிந்த அடுப்பு அது. பனிக்கு நடுவே வைத்ததும் முதலில் நன்றாகத்தான் எரியும். கொஞ்ச நேரத்தில் சுடர் குட்டையாகும், நிறம் வெளுக்கும், பிறகு பாத்திரத்தின் அடியைத் தொடக்கூட வலுவில்லாமல் துவண்டு நிற்கும். கேனிஸ்டரை எடுத்துக் குலுக்கினால் உள்ளே தளதளவென்று சத்தம் கேட்கிறது. எரிபொருள் இருக்கிறது, நெருப்புதான் இல்லை.

தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புதிய கேனிஸ்டரை மாட்டுகிறவர்கள் உண்டு. அதுவும் சற்று நேரத்தில் அதேபோல் துவண்டுவிடும். அடுப்பு பழுது என்று ஊசியால் துளையைக் குத்துகிறவர்களும் உண்டு. இரண்டுமே வீண் வேலை. நடப்பது என்னவென்று தெரிந்தால் அந்த மலையிலேயே, கையில் இருக்கிற பொருளை வைத்தே சரிசெய்துவிடலாம். தெரியாமல் செய்கிற வைத்தியமோ உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் இந்த எளிய இயற்பியலை மலையேறுகிற ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேனிஸ்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி திரவம். அதன் தலைக்குமேல் கொஞ்சம் இடம். அந்த இடத்தில் மட்டும்தான் வாயு. அடுப்பின் குமிழைத் திருகும்போது வெளியே பாய்வது அந்த வாயு. பாய்ந்த அளவுக்குக் கீழிருந்து திரவம் கொதித்து, ஆவியாகி, இடத்தை நிரப்புகிறது. அதாவது, அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்கு முன்னால் கேனிஸ்டருக்குள் எரிபொருள் கொதிக்க வேண்டும். அந்தக் கொதிப்புக்கு நெருப்பு ஒன்றும் போடுவதில்லை. சுற்றியிருக்கும் காற்றின் வெப்பமே போதும் என்கிற நம்பிக்கையில்தான் இந்த அடுப்பு முழுவதும் நிற்கிறது.

எந்த வெப்பம் போதும் என்பது உள்ளே இருக்கிற பொருளைப் பொறுத்தது. மூன்று பெயர்களை நினைவில் வைத்தால் போதும்: புரொப்பேன், பியூட்டேன், ஐசோபியூட்டேன். கடல் மட்டத்துக் காற்றழுத்தத்தில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேன் கொதிக்க மைனஸ் அரை டிகிரி வேண்டும், ஏறக்குறைய தண்ணீர் உறைகிற இடம். ஐசோபியூட்டேனில் இருப்பவை பியூட்டேனின் அதே அணுக்கள்தான், அடுக்கு மட்டும் வேறு. அந்த மாற்றத்தாலேயே அதன் கொதிநிலை மைனஸ் 12-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. இவற்றைப் பெட்ரோலிலிருந்து பிரித்து அடையாளம் கண்டவர் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங், 1910-ல். வாங்கிய பெட்ரோலில் பாதி வீடு போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிவிடுகிறது என்று கார் வைத்திருந்த ஒருவர் முறையிட்டதில் தொடங்கியது அந்த ஆராய்ச்சி.

கடல் மட்டக் காற்றழுத்தத்தை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வரதய்யபாளையத்தில் 28 டிகிரி உள்ள ஒரு சாயங்காலம், மூடிய கேனிஸ்டருக்குள் பியூட்டேனின் ஆவி அழுத்தம் 2.7 அளவில் இருக்கும். ஐசோபியூட்டேன் 3.8. புரொப்பேன் பத்தைத் தாண்டும். வெளியே இருப்பது ஒன்று; உள்ளே இருப்பது எதுவானாலும் அதைவிடப் பல மடங்கு. அதனால் சீறிக்கொண்டு வருகிறது. வெப்பம் பூஜ்யத்துக்கு இறங்கும்போது பியூட்டேன் 1.03-க்கு வந்துவிடும். உள்ளும் வெளியும் கிட்டத்தட்டச் சமம், தள்ளுவதற்கு ஆளில்லை. ஐசோபியூட்டேனிடம் 1.57 மிச்சம் இருக்கிறது. புரொப்பேன் இன்னமும் 4.7-ல் வலுவோடு நிற்கிறது.

அப்படியானால் எல்லாக் கேனிஸ்டரிலும் புரொப்பேனையே நிரப்பிவிட வேண்டியதுதானே? முடியாது. பத்து மடங்கு அழுத்தத்தைத் தாங்கத் தடித்த எஃகு வேண்டும். முதுகில் சுமக்கிற கேனிஸ்டரின் சுவர் மிக மெல்லியது. அதனால்தான் 230 கிராம் எரிபொருள் கொண்டது அத்தனை லேசாக இருக்கிறது. பியூட்டேன் மலிவு, அழுத்தம் குறைவு, மெல்லிய தகரத்துக்கு ஏற்றது, குளிருக்கு ஆகாதது. புரொப்பேன் குளிருக்கு ஏற்றது, தகரத்துக்கு ஆகாதது. கடையில் கிடைக்கும் ஒவ்வொரு கேனிஸ்டரும் இந்த இரண்டுக்கும் நடுவே செய்துகொண்ட ஒரு சமரசம். மலையேற்றத்துக்கென்று விற்கும் திருகு வாய்க் கேனிஸ்டர்களில் ஐசோபியூட்டேனோ பியூட்டேனோ எழுபது, எண்பது பங்கும் புரொப்பேன் இருபது, முப்பது பங்குமாக இருப்பது வழக்கம். மேசையில் வைத்துச் சமைக்கிற சதுர அடுப்புக்குள் படுக்கவைத்துச் செருகுவோமே, அந்த நீளமான கேன்களில் பெரும்பாலும் பியூட்டேன் மட்டும்தான். விலை குறைவு என்பதால் நம் ஊரில் அதிகம் விற்பதும் அதுதான்.

அந்த நீளக் கேனை இமயத்துக்குக்கூடக் கொண்டுபோக வேண்டியதில்லை, ஊட்டிக்குக் கொண்டுபோனாலே போதும். தை மாதம் உறைபனி விழுகிற விடியலில், தலைகுந்தா பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது, வெப்பம் ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் 0.77 அளவுதான். வெளியழுத்தம் குறைந்திருப்பதால் பியூட்டேனுக்கு அங்கே கொதிக்க மைனஸ் ஏழரை டிகிரி போதும். ஆகவே ஒரு டிகிரியில் அடுப்பு பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகுதான் சிக்கல்.

திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம். ஒரு கிலோ பியூட்டேன் ஆவியாக ஏறத்தாழ 370 கிலோஜூல் வேண்டும். அடுப்பு முழுவீச்சில் எரியும்போது நிமிடத்துக்கு இரண்டரை கிராம் செலவாகிறது. அதற்கு நிமிடத்துக்கு 0.9 கிலோஜூல். இந்த வெப்பம் வெளிக்காற்றிலிருந்து போதிய வேகத்தில் வந்து சேராவிட்டால், கேனிஸ்டர் தன் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். 230 கிராம் திரவமும் அதைச் சுற்றிய தகரமும் சேர்ந்து ஒரு டிகிரி குளிர 0.6 கிலோஜூல்தான் வெளிவர வேண்டும். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரி இறங்குகிறது. காற்று கொஞ்சம் ஈடுகட்டும்தான். ஆனால் திரவம் குறையக் குறைய, குளிரும் வேகம் கூடும். ஒரு டிகிரியில் தொடங்கிய கேன் பத்து நிமிடத்துக்குள் மைனஸ் ஏழை நெருங்கிவிடும். அந்த இடத்தில் சுடர் சாகிறது. காபிக்கு வைத்த தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

இதைப் பார்க்க மலைக்கே போக வேண்டாம் என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். கல்யாண மண்டபத்துச் சமையல்கூடத்தில், பெரிய அண்டாவுக்கு அடியில் அடுப்பு இரைந்து எரியும்போது சிலிண்டரைப் போய்த் தொட்டுப் பாருங்கள். சித்திரை வெயிலிலும் அடிப்பாகம் ஜில்லென்று வியர்த்திருக்கும். இன்னும் வேகமாக எடுத்தால் வெள்ளையாகப் பனி படியும். அந்த ஈரக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவரைதான் திரவம் இருக்கிறது என்று சமையல்காரர்கள் கண்ணாலேயே அளந்து சொல்வார்கள். சிலிண்டர் பெரியது, உள்ளே பல கிலோ திரவம், வெளியே 35 டிகிரி, அதனால் தாங்குகிறது. குட்டிக் கேனிஸ்டருக்கு இந்த மூன்றுமே இல்லை.

கலவைக் கேனிஸ்டர் இருந்தால் கவலையில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். கலவைக்குள் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரத்து வேதியியலாளர் பிரான்சுவா மரி ரவூல் 1880-களில் வகுத்த விதி அதை விளக்குகிறது: ஒரு திரவக் கலவையில் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய ஆவி அழுத்தத்தில், தான் கலந்திருக்கும் பங்குக்கு ஏற்ற அளவைத் தரும். எடையில் முப்பது பங்கு புரொப்பேனும் எழுபது பங்கு பியூட்டேனும் உள்ள கேனிஸ்டரை எடுத்துக்கொள்வோம். மைனஸ் 10 டிகிரியில் புரொப்பேனின் அழுத்தம் 3.4, பியூட்டேனின் அழுத்தம் 0.7. மூலக்கூறு எண்ணிக்கையில் திரவத்தில் புரொப்பேன் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மொத்த அழுத்தம் 1.7 வரை வருகிறது, அடுப்புக்குத் தாராளம். ஆனால் அந்த 1.7-ல் முக்கால் பங்கு புரொப்பேன் கொடுப்பது. குழாய் வழியாக வெளியேறும் வாயுவிலும் முக்கால் பங்கு அதுவே.

திரவத்தில் மூன்றில் ஒன்று, போகிற வாயுவில் நான்கில் மூன்று. இப்படிப் போனால் புரொப்பேன் எத்தனை நேரம் தாங்கும்? கேனிஸ்டர் பாதி காலியாவதற்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மிஞ்சுவது குளிரில் எழுந்திருக்க முடியாத பியூட்டேன். முதல் நாள் ராத்திரி நன்றாக எரிந்த அடுப்பு இரண்டாம் நாள் காலையில் ஏன் மக்கர் செய்கிறது என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பையில் கலவைக் கேனிஸ்டர் இரண்டு இருந்தால், ஒன்றைத் தீர்த்துவிட்டு அடுத்ததைத் திறப்பதைவிட, உறைகிற விடியலுக்குப் புதியதையும், வெயில் வந்தபின் மதியத்துக்குப் பாதி தீர்ந்ததையும் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். வாங்கும்போதே ஐசோபியூட்டேன் கலந்ததைத் தேடி வாங்கினால் கடைசிக் கால்வாசியும் உபயோகப்படும்; அது மைனஸ் 10-லும் ஒன்றுக்குச் சற்று மேலே அழுத்தம் கொடுக்கும்.

உயரம் கேஸ் அடுப்புக்கு எதிரி என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. மேலே போகப்போக வெளிக்காற்றின் எதிர்ப்பு குறைவதால் கேனிஸ்டருக்கு வேலை எளிதாகிறது. 3,000 மீட்டரில் பியூட்டேன் மைனஸ் 10 வரை கொதிக்கும். 5,000 மீட்டரில் மைனஸ் 16 வரைகூட. உயரம் ஒரு கையால் கொடுப்பதைக் குளிர் இரண்டு கையாலும் பறித்துவிடுகிறது என்பதுதான் நிலைமை. உயரத்தால் வரும் கஷ்டம் பாத்திரத்துக்குள்: 3,000 மீட்டரில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாமல் முரண்டு பிடிக்கும். இமயமலை முகாம்களில் சமையல்காரர்கள் பிரஷர் குக்கரைக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போவது அதற்காகத்தான்.

கேனிஸ்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது ஒரு நல்ல தந்திரம். கவிழ்த்தால் வாய்க்கு வருவது வாயுவுக்குப் பதில் திரவம். திரவம் கலவை மாறாமல் அப்படியே வருவதால் புரொப்பேன் முதலில் ஓடிப்போகிற பிரச்சினை இல்லை. கேனிஸ்டருக்குள் ஆவியாக வேண்டிய தேவையும் இல்லை. அதனால் அது குளிர்வதும் இல்லை. கடைசிச் சொட்டுவரை புரொப்பேன் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் இதை எல்லா அடுப்பிலும் செய்யக்கூடாது. நீளக் குழாய் வைத்து, அந்தக் குழாயின் உலோகப் பகுதி சுடருக்குள்ளேயே வளைந்து போகும்படி செய்த அடுப்புகள் இருக்கின்றன. அந்தச் சூட்டில் திரவம் ஆவியாகிப் பிறகு எரியும். கேனிஸ்டரின் தலையிலேயே திருகி உட்காரும் அடுப்பில் திரவத்தைவிட்டால், ஆளுயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பும். குழாய் அடுப்பிலும் நிமிர்ந்த நிலையில் பற்றவைத்து, ஒரு நிமிடம் சூடேற்றி, அதன்பிறகே கவிழ்க்க வேண்டும்.

நம் பாட்டிகளின் பம்பு ஸ்டவ்வுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. மண்ணெண்ணெயைத் தள்ளுகிற அழுத்தத்தை வானிலை கொடுப்பதில்லை, கை கொடுக்கிறது. தட்டில் துளி எண்ணெய் ஊற்றிச் சூடேற்றினால் பர்னருக்குள் ஆவியாகும். மைனஸ் 30-லும் அது மாறாது. ஸ்வீடனின் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் 1892-ல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பின் வம்சம் இது. 1953 மே 29 விடியலில், எவரெஸ்டின் கடைசி முகாமில் மைனஸ் 27 டிகிரி. எட்மண்ட் ஹிலாரியின் பூட்ஸ் கட்டையாக உறைந்துகிடந்தது. டென்சிங்கும் அவரும் பனியை உருக்கிக் குடித்ததும் அந்தப் பூட்ஸை இளக்கியதும் பிரைமஸ் அடுப்பில்தான். சியாச்சினில் நம் ராணுவ வீரர்களின் கூடாரங்கள் பல ஆண்டுகளாக மண்ணெண்ணெயை நம்பியிருந்ததற்கும் காரணம் இதுவே. சாதர் போன்ற பயணத்துக்குக் கேஸை மட்டும் நம்பிப் போவது தப்பு என்பது என் உறுதியான கருத்து. கேதார்காந்தா அளவுக்கு நல்ல கலவைக் கேனிஸ்டர் போதும், அதைக் கையாளத் தெரிந்திருந்தால்.

கையாள்வது என்பது கேனிஸ்டருக்கு வெப்பம் கிடைக்கச் செய்வது, அவ்வளவுதான். ராத்திரி அதைத் துணியில் சுற்றித் தூக்கப்பைக்குள் காலடியில் போட்டுக்கொண்டு படுத்தால், காலையில் உடம்புச் சூட்டோடு இருக்கும். சமைக்கும்போது பனியின்மேல் நேராக வைக்காமல் ஒரு பலகையோ மெத்தைத் துண்டோ போட்டு வைக்க வேண்டும். அகலமான தட்டில் விரலளவு தண்ணீர் ஊற்றி அதற்குள் கேனிஸ்டரை நிறுத்துவது எல்லாவற்றையும்விடச் சிறந்தது. தண்ணீர் காற்றைவிட மிக வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெறும் பச்சைத் தண்ணீர்கூடப் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பதால் கேனிஸ்டரையும் இறங்கவிடாது. கைபொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர் இருந்தால் போதும். கை வைக்க முடியாத சூடு வேண்டவே வேண்டாம்.

நெருப்பைக் கேனிஸ்டருக்குக் காட்டுவது வைத்தியம் ஆகாது. குளிர்ப் பிரதேசத்துச் சாலைகளில் லாரியின் டீசல் டாங்குக்கு அடியில் துணியைக் கொளுத்தி இளக்குகிற ஆபத்தான பழக்கம் ஒன்று உண்டு. டீசல் குளிரில் மெழுகாக இறுகும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 வரை ஓடக்கூடிய டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் கொண்டுவந்தது அதைத் தவிர்க்கத்தான். அந்தப் பழக்கத்தைப் பார்த்துக் கேனிஸ்டருக்கும் செய்தால் அது வெடிகுண்டாகிவிடும். காற்றைத் தடுக்க அடுப்பையும் கேனிஸ்டரையும் சேர்த்து வளைத்துத் தகடு வைப்பதும் அதே ரகம். சுடரின் வெப்பம் தகட்டுக்குள் சிக்கிக் கேனிஸ்டரின்மேல் திரும்பும். அகலப் பாத்திரம் வைத்து நெடுநேரம் சமைத்தாலும் அப்படித்தான். அவ்வப்போது கேனிஸ்டரைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் உடனே அணைத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் வரதய்யபாளையத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அங்கே ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. குளிருக்கென்று வாங்கிய, புரொப்பேன் கூடுதலாக உள்ள கேனிஸ்டரை ஊருக்குத் திரும்பியதும் காரிலேயே விட்டுவைத்து, மே மாதம் அருவிக்குப் போய், வெயிலில் காரை நிறுத்திவிட்டு ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே 42 டிகிரி என்றால் பூட்டிய காருக்குள் அறுபதைத் தொடுவது சாதாரணம். முப்பதுக்கு எழுபது புரொப்பேன், ஐசோபியூட்டேன் கலவை மைனஸ் 10-ல் இரண்டுக்குச் சற்றுக் கீழே அழுத்தம் காட்டும். 20 டிகிரியில் ஐந்து. 60 டிகிரியில் பதின்மூன்று. கேனிஸ்டரின் மேலேயே 50 டிகிரிக்கு மேல் போகவிடாதே என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எச்சரிக்கையை இமயத்தில் மீறுவதற்கு மிகவும் மெனக்கெட வேண்டும். ஆந்திர வெயிலில் ஒரு மத்தியானம் மறந்தாலே மீறியதாகிவிடும்.

வீட்டுச் சிலிண்டரிலிருந்து குழாய் வைத்துக் காலிக் கேனிஸ்டரை நிரப்புவதும் பரவலாக நடக்கிறது. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நம் சமையல் எல்பிஜியும் புரொப்பேன், பியூட்டேன் கலவைதான். அதில் புரொப்பேனின் பங்கு மெல்லிய தகரத்துக்குக் கணக்கிட்ட அளவுக்குள் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதைவிடக் கொடியது, தலைக்குமேல் இடம்விடாமல் நிரப்பிவிடுவது. சூடேறும்போது திரவம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் தகரம்தான் கிழிய வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரைக்கூடத் தொழிற்சாலையில் முழுக்க நிரப்பாமல் ஆறில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுவது இதற்காகவே.

பயணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானத்தில் கேஸ் கேனிஸ்டர் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. ரயிலிலும் தடை. டேராடூனிலோ மணாலியிலோ லேயிலோ போய் வாங்கிக்கொள்வதுதான் வழி. தடையை வெறும் சட்டச் சடங்காக நினைப்பவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை நினைவிருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்களின் ரயில் பெட்டி மதுரையில் தனியாக நிறுத்தப்பட்டிருந்தது. அனுமதியின்றிக் கொண்டுவந்த சிலிண்டரை வைத்துப் பெட்டிக்குள்ளேயே அடுப்பு மூட்டியதில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே கலைந்து போகாது. தரையோடு தரையாகத் தேங்கும், ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

கூடாரமும் அப்படியொரு மூடிய பெட்டிதான். வெளியே பனிக்காற்று வீசும்போது அடுப்பை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றும். துணி தீப்பிடிப்பது பாதி ஆபத்து. மீதிப் பாதி கார்பன் மோனாக்சைடு, வாசனையில்லாதது. பனிக்கட்டி நிறைந்த குளிர்ந்த பாத்திரம் சுடரைத் தொட்டுக் குளிரவைப்பதால், முழுதாக எரியாமல் அந்த நச்சு வழக்கத்தைவிடக் கூடுதலாக வரும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று அறிகுறிகள் தொடங்கும். உயரத்தால் வரும் மலைநோய்க்கும் அதே அறிகுறிகள் என்பதால் பக்கத்தில் இருப்பவர்களும் ஏமாந்துவிடுகிறார்கள். சமையல் வெளியேதான், அல்லது இரு புறமும் திறந்துவிட்ட முன்வாசலில்.

கீழே, வரதய்யபாளையம் பக்கத்து மலைகளில் பிரச்சினை வேறு. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம், அது சின்ன கேஸ் அடுப்பாக இருந்தாலும். மாசி, பங்குனியில் புல் காய்ந்திருக்கும்போது ஒரு கவிழ்ந்த அடுப்பு என்ன செய்யும் என்று விவரிக்கத் தேவையில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்களை இழந்தோம். காய்ந்த போதைப்புல்லில் தீ மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஏறும். ஆகவே அடுப்புப் பழக்கமெல்லாம் அடிவாரத்தில், செடிகொடி நீக்கிய வெறுந்தரையில், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரோடு.

குளிர்மலைக்கு எத்தனை கேனிஸ்டர் வேண்டும் என்ற கேள்விக்கும் இயற்பியலே பதில் சொல்லும். மைனஸ் 10 டிகிரிப் பனியை ஒரு லிட்டர் தண்ணீராக உருக்கி, 3,800 மீட்டர் உயரத்துக் கொதிநிலையான 87 டிகிரிக்குக் கொண்டுபோக 720 கிலோஜூல் வேண்டும். இதில் 334, பனி பனியாக இருப்பதை விட்டுவிடுவதற்கு மட்டும். ஒரு கிராம் எரிபொருள் 45 கிலோஜூலுக்குச் சற்று மேலே தரும். காற்றும் குளிரும் திருடியது போகப் பாதி பாத்திரத்துக்குள் போனால் நல்ல சமையல்காரர் என்று பொருள். ஆக, பனியிலிருந்து ஒரு லிட்டர் வெந்நீருக்கு 30 கிராமுக்கு மேல். ஓடும் ஓடையிலிருந்து மொண்ட தண்ணீருக்கு 15 கிராம் போதும். இருவர் இரண்டு வேளைச் சமையலுக்கும் குடிக்கவுமாக நாளுக்கு ஆறு லிட்டர் பனியை உருக்கினால் 190 கிராம் தீர்ந்துவிடும். அதாவது 230 கிராம் கேனிஸ்டர் ஒன்று முழுதாக ஒன்றேகால் நாள் வராது. ஓடைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்தால் அதே கேனிஸ்டர் இரண்டரை நாள் வரும். பாத்திரத்துக்கு மூடி போடாமல் கொதிக்கவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் நிற்காது. வெறும் பனியை மட்டும் போட்டுச் சூடேற்றாமல் அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதன்மேல் பனியைப் போட்டால் பாத்திரமும் தீயாது, உருகுவதும் வேகமாக நடக்கும். கிளம்புவதற்கு முன் கேனிஸ்டரைச் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை அதன்மேலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள். மலையில் தராசு இல்லாதபோது ஓடைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், எவ்வளவு ஆழம் அமிழ்கிறதோ அதைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்கலாம். புதியதையும் காலியானதையும் வீட்டிலேயே வாளியில் மிதக்கவிட்டு இரண்டு கோடு போட்டு வைத்திருந்தால் ஊகம் சரியாகவே இருக்கும்.